மீன் எடை போடும் கொட்டகையில் ஒரு கல்லூரி

ஒன்றாம் வகுப்பு வாத்தியார் புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, படத்தில் விரலை வைத்து, "மாடி" என்றார். இருபத்திரண்டு பிள்ளைகளும் "மாடி" என்று கத்தினார்கள். "மாடின்னா என்ன?" என்று கேட்டார். இருபத்திரண்டு பிள்ளைகளும் "மாடின்னா என்ன" என்று அதையும் அப்படியே திருப்பிக் கத்தினார்கள்.

வாத்தியார் பெருமூச்சு விட்டு, பக்கத்துச் சுவரில் இருந்த ஜன்னலைப் பார்த்தார். அந்த ஜன்னலுக்கு அப்புறம் பள்ளிக்கூடத்துச் சமையலறை. மதியம் தட்டு நீட்டுவதற்காக வைத்த ஜன்னல்தான் அது. ஆனால் காலையிலேயே அதில் ஒரு தலை தெரியும். வெங்காயம் நறுக்கிக் கண் சிவந்த தலை.

அந்தத் தலை, பிள்ளைகளின் வீட்டுப் பேச்சில், "வீட்டோட தலைமேல இன்னொரு வீடு ஏறி உட்கார்ந்திருக்கும். அதுக்குப் பேருதான் மாடி" என்றது.

பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு வாண்டு மட்டும் யோசித்து, "கீழ இருக்கிற வீட்டுக்கு வலிக்காதா?" என்று கேட்டது. அதற்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் பாத்திரம் அடிப்பிடித்துவிட்டது.

அந்தத் தலைக்குச் சொந்தக்காரியை ஊரே சமையலக்கா என்றுதான் கூப்பிடும். தலைமையாசிரியரும் அப்படித்தான், அவள் புருஷனின் சித்தப்பாவும் அப்படித்தான். வயது முப்பத்தேழு. பன்னிரண்டு வருஷமாக அந்த அடுப்படியில் இருக்கிறாள். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் பதினோரு வாத்தியார்கள் வந்து போய்விட்டார்கள். எல்லோரும் அணைத் தண்ணீருக்கு அக்கரையில் இருக்கும் நகரத்திலிருந்து வருகிறவர்கள். படகில் வந்து இறங்கிய அன்றைக்கே மாறுதல் மனு எழுதப் பேனா தேடுகிறவர்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் பேசுவது இவர்களுக்கு விளங்காது, இவர்கள் பேசுவது பிள்ளைகளுக்கு விளங்காது. அந்தக் குடியிருப்பில் இருந்தவர்கள் அந்த மண்ணின் முதல் குடிகள். அவர்களுக்கென்று ஒரு பேச்சு உண்டு. அதற்குப் புத்தகம் கிடையாது, வாத்தியாரும் கிடையாது. ஜன்னல் வழியாகத் தெரியும் சமையலக்கா மட்டும் உண்டு.

ஒருமுறை ஒரு புது வாத்தியார், "பாடம் நடக்கறப்போ சமையல்கட்டுலேர்ந்து குரல் வரக் கூடாது" என்று அந்த ஜன்னலைச் சாத்தித் தாழ் போட்டார். மூன்றாம் நாள் அவரே வந்து தாழை நீக்கினார். அசடு வழிய, "கொஞ்சம் புகை போகட்டுமேன்னு" என்றார்.

"புகை உங்க பக்கம்தான் சார் வரும்" என்றாள் சமையலக்கா.

இவ்வளவும் தெரிந்தவள் ஏன் வாத்தியார் ஆகவில்லை என்று கேட்டால், அதற்கு ஊரில் ஒரு பதில் தயாராக இருந்தது. பதினெட்டு வயதில் அவள் நகரத்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தாள். பத்தொன்பது நாள் இருந்தாள். இருபதாம் நாள் பெட்டியோடு படகுத்துறையில் வந்து இறங்கினாள். "ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கல" என்றாள். அதற்கப்புறம் சமையல் வேலைக்கே போனதால், "ஓகோ, இனிமே யார் சாப்பாட்டையும் நம்ப முடியாதுன்னு கரண்டிய நீயே பிடிச்சுக்கிட்டியா" என்று கேலி செய்யாதவர்கள் பாக்கியில்லை. அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

அவள் புருஷன் படகுக்காரர். அக்கரைக்கும் இக்கரைக்கும் ஒரு நாளைக்கு இரண்டு நடை. ஊர்ச் செய்தியெல்லாம் முதலில் அவர் படகில்தான் ஏறும். அதனால் கல்லூரி விஷயமும் அவளுக்கு மற்றவர்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். அந்தப் பயிற்சிக் கல்லூரி வருஷா வருஷம் இந்தக் குடியிருப்புக்கென்று ஐந்து இடம் ஒதுக்கி வைக்கும். வருஷத்துக்கு ஒருவரோ இருவரோ போவார்கள், மழைக்காலம் தொடங்குவதற்குள் திரும்பி வந்துவிடுவார்கள். கல்லூரியும் சளைக்காமல் கடிதம் எழுதும். இந்தத் தடவை ஊர்த்தலைவி பதில் எழுதினார். வெடுக்கென்று பேசுகிற அம்மா அவர். எழுத்தும் அப்படித்தான். "உங்கள் ஐந்து இடமும் அங்கேயே இருக்கட்டும். எங்களுக்கு இடம் வேண்டாம், ஆள் வேண்டும். பாடம் சொல்லித்தருகிறவரை இங்கே அனுப்புங்கள். உட்கார இடம் நாங்கள் தருகிறோம்."

அந்தக் கடிதம் கல்லூரியில் மேஜை மேஜையாக எட்டு மாதம் சுற்றியது. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, படகில் ஒரு ஆள் வந்து இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். ஒல்லி. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை இறுக்கக் கட்டியிருந்தார். கரையேறியும் கழற்றவில்லை. மேட்டில் ஏறியும் கழற்றவில்லை. மீன் எடை போடும் கொட்டகையில் கூடியிருந்த ஊர்க்கூட்டத்துக்கு முன்னால் அதோடேயே நின்றார்.

"கழட்டி வைங்க சார், இங்க தரைதான்" என்றார் ஊர்த்தலைவி.

"இருக்கட்டும்மா. திரும்பிப் போகணும் இல்ல?"

அந்த நிமிஷமே அவருக்கு மிதவை சார் என்று பேர் விழுந்துவிட்டது.

மிதவை சார் பூசி மெழுகவில்லை. "யார் போறதுன்னு கல்லூரியில சீட்டுக் குலுக்கிப் போட்டோம். என் பேரு வந்துச்சு. எனக்கு நீச்சல் தெரியாது, உங்க பேச்சும் தெரியாது. பாடம் தெரியும். ரெண்டு வருஷம், வாரக் கடைசியில வெள்ளி மதியம் வந்து ஞாயிறு சாயங்காலம் போவேன். பட்டயப் படிப்பு, அங்க குடுக்கற அதே சான்றிதழ். வயசு வரம்பு இல்ல. ஆனா பன்னிரண்டாவது முடிச்சவங்க பதினைஞ்சு பேர் வேணும். பதினாலுன்னா அனுமதி கிடையாது. ஞாயித்துக்கிழமை நான் படகு ஏறறதுக்குள்ள பேர் குடுங்க."

சமையலக்கா முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள் என்று சொல்ல ஆசைதான். அவள் கொடுக்கவில்லை. கொட்டகையின் தூணுக்குப் பின்னால் நின்று, முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேரைக் கொடுத்தது படகுக்காரர். "எங்க வீட்டுல ஒரு ஆள் இருக்கு சார், பன்னிரண்டு வருஷமா ஓசியில வாத்தியார் வேலை பாக்குது" என்று கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டார். ஊரே சிரித்துத் திரும்பிப் பார்த்தது. இனி எங்கே ஒளிவது?

சனிக்கிழமை மதியம் வரைக்கும் பதினான்கு பேர் சேர்ந்தார்கள். பதினைந்தாவது ஆள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பன்னிரண்டாவது முடித்து ஊரிலேயே இருந்தது இன்னும் ஒரே ஒருத்திதான். படகுக்காரரின் தங்கை. தையல் மிஷின் வைத்திருந்ததாலும், பேச்சு சுருக்கென்று குத்துவதாலும் அவளுக்கு ஊசி என்று பேர்.

ஊசிக்கும் சமையலக்காவுக்கும் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் ஒரு சட்டை. ஊசி அண்ணிக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள். அண்ணி அதைப் போட்டுக்கொண்டு, நாலு பேருக்கு முன்னால், "மூச்சு விட முடியல, ரொம்பப் பிடிக்குது" என்றாள். ஊசி அதே நாலு பேருக்கு முன்னால், "சட்டை சரியாத்தான் இருக்கு, ஆள்தான் அளவு மாறிட்டாங்க" என்றாள். அவ்வளவுதான். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவே படகுக்காரர்தான் தூது. அவர் இல்லாத நேரத்தில் ஆடும் கோழியும் தூது. ஒருத்தி கோழியைத் திட்டினால் மற்றவள் ஆட்டைத் திட்டுவாள். பேசாமல் இருந்தார்களே ஒழிய, ஒரு செய்தியும் தவறிப் போனதில்லை.

"நீயே போய்க் கேளு" என்று படகுக்காரர் கையை விரித்தார். "நான் கேட்டாச்சு. அண்ணி இருக்கிற கிளாஸ்ல உட்கார மாட்டேங்குறா."

சமையலக்கா ஊசியின் வீட்டுக்குப் போனாள். வாசலில் ஆடு கட்டியிருந்தது. உள்ளே மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஏ ஆடே," என்றாள் சமையலக்கா, "உங்க வீட்டம்மா பன்னிரண்டாவது பாஸாமே? நல்ல மார்க்காமே?"

மிஷின் நின்றது. "ஏ மிஷினே, வந்தவங்க எதுக்கு வந்தாங்கன்னு கேளு. சட்டை கிட்டை தைக்கணும்னா வேற ஆளப் பாக்கச் சொல்லு."

"சட்டைக்கு வரலைன்னு சொல்லு ஆடே. ஒரு ஆள் குறையுதாம். இவங்க வரலைன்னா பதினாலு பேர் படிப்பும் போயிடுமாம்."

கொஞ்ச நேரம் ஆடும் பேசவில்லை, மிஷினும் பேசவில்லை. பிறகு ஊசி எழுந்து வாசலுக்கு வந்தாள். ஆறு வருஷத்துக்கப்புறம் நேருக்கு நேர் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்.

"பத்தொம்பது நாள்ல ஏன் திரும்பி வந்தீங்க அண்ணி? சாப்பாடுன்னு சொல்லாதீங்க. நீங்க எதையும் சாப்பிடுவீங்க."

சமையலக்கா வாசல் திண்ணையில் உட்கார்ந்தாள். இதை அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

"ஒண்ணும் பெருசா நடக்கல" என்றாள் கடைசியில். "அதான் சொல்றதுக்கே வெட்கம். கிளாஸ்ல கேள்வி கேப்பாங்க. எனக்குப் பதில் தெரியும். அத நம்ம பேச்சுல நினைச்சு, அவங்க பேச்சுக்கு மாத்தி, தப்பில்லாம இருக்கான்னு பாத்து வாயத் திறக்கறதுக்குள்ள அடுத்த கேள்விக்குப் போயிடுவாங்க. பத்தொம்பது நாள்ல நான் ஒரு பதிலும் சொல்லல. யாரும் அடிக்கல, திட்டல. காட்டுப் பொண்ணுன்னு கூப்பிடுவாங்க, அதுகூட செல்லமாத்தான். ஆனா நான் ஊமையாயிட்டேன். ராத்திரி படுக்கையில என் பேச்சுல எனக்கு நானே பேசிப் பாப்பேன், குரல் இருக்கான்னு. அப்புறம் ஒரு நாள் பெட்டியத் தூக்கிட்டு கம்பி நீட்டிட்டேன்."

ஊசி ஆட்டின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் ஏன் போகலைன்னு தெரியுமா?" என்றாள். "எனக்கும் அங்க இடம் கிடைச்சுது. அண்ணிக்கே ஒத்துக்கல, நான் எம்மாத்திரம்னு காகிதத்தக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

ஒரு சின்னப் பொய் இவ்வளவு தூரம் நடந்து போயிருக்கும் என்று சமையலக்கா நினைத்தே பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வந்து சேருடி" என்றாள்.

"சேர்றேன். ஒரு நிபந்தனை."

"என்ன?"

"சட்டை சரியாத்தான் இருந்துச்சுன்னு ஊர் முன்னால சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மிதவை சார் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்த மேஜைக்கு முன்னால், ஊரில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க, சமையலக்கா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சட்டை சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் கொஞ்சம் சதை போட்டிருந்தேன்" என்று அறிவித்தாள். கைதட்டல் கொட்டகைக் கூரையைத் தூக்கியது. ஒன்றும் புரியாத மிதவை சார், இது இந்த ஊர்ச் சேர்க்கை விதியாக்கும் என்று நினைத்துக் கூடவே கைதட்டினார். ஊசி கையெழுத்துப் போட்டாள். பதினைந்து.

வகுப்பு மீன் கொட்டகையில் நடந்தது. வியாழக்கிழமை மீன் போன பிறகு தரையைக் கழுவி விடுவார்கள். ஆனாலும் வாசம் போகாது. தராசைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பள்ளிக்கூடத்துப் பழைய பெஞ்சுகளைக் கொண்டுவந்து போட்டார்கள். ஐஸ் பெட்டி மூடியின் உட்பக்கத்துக்குக் கறுப்புச் சாயம் அடித்துக் கரும்பலகை ஆக்கினார்கள். கூடை கூடையாக மீன் வந்து இறங்கும் நாட்களில், ஒரு மூலையில் ஐஸ் உடைப்பார்கள், இன்னொரு மூலையில் குழந்தை உளவியல் நடக்கும். கைக்குழந்தைக்காரிகள் குழந்தையோடு வந்தார்கள். ஒரு தடவை மிதவை சார் குழந்தை எந்த மாதத்தில் தவழும் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, ஒரு குழந்தை தவழ்ந்து போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டது. "புத்தகத்துல இருக்கறதவிட ஒரு மாசம் முன்னாடி" என்று அவர் குறித்துக்கொண்டார்.

சமையலக்காவின் முதல் கட்டுரை நாற்பதுக்குப் பதினொன்று வாங்கியது. புத்தகத்திலிருந்து பெரிய பெரிய வாக்கியமாகப் பார்த்து ஈயடிச்சான் காப்பி அடித்திருந்தாள். ஊசி முப்பத்து மூன்று. படகுக்காரர் இரண்டு தாளையும் பார்த்துவிட்டு, யாருக்கு ஆறுதல் சொல்வது, யாரைப் பாராட்டுவது என்று தெரியாமல் படகைக் கழுவப் போய்விட்டார்.

ஆனால் மூன்றாவது மாதம் ஒரு சம்பவம் நடந்தது. 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு' என்று ஒரு பாடம். குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்த பொருளிலிருந்து தொடங்க வேண்டும் என்று மிதவை சார் விளக்கினார். பாடப்புத்தகத்தில் உதாரணம் ரயில் நிலையம், அதற்கடுத்து மின்தூக்கி, அதற்கடுத்து மிருகக்காட்சிசாலை. ஜன்னலில் நின்று பழகிய சமையலக்காவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எழுந்து, அதுவும் தன் பேச்சிலேயே, மடமடவென்று என்னமோ சொன்னாள். வகுப்பே குலுங்கிச் சிரித்தது.

"என்ன சொன்னாங்க?" என்றார் மிதவை சார்.

ஊசி எழுந்து மொழிபெயர்த்தாள். "தெரிஞ்சதுலேர்ந்து தொடங்கணும்னு சொல்ற பாடத்துலயே எங்களுக்குத் தெரிஞ்சது ஒண்ணும் இல்லையேன்னு கேக்கறாங்க சார். மிருகக்காட்சிசாலைக்கு நாங்க எதுக்குப் போகணும், பன்னி தினமும் எங்க தோட்டத்துக்கு வருதேன்னும் கேக்கறாங்க."

மிதவை சார் தலையைச் சொறிந்தார். சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார். புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். "சரிதானே" என்றார். "அப்போ இந்தப் பாடத்த நீங்களே எழுதுங்க. பதினைஞ்சு பேரும் ஆளுக்கு ஒண்ணு. உங்க பேச்சுல சொல்லுங்க, நகரத்துப் பேச்சுல எழுதுங்க. எழுத்து வரலைன்னா பக்கத்துல இருக்கறவங்கள கேளுங்க."

சமையலக்கா வலை விரிப்பதை வைத்துப் பெருக்கல் பாடம் எழுதினாள். நாற்பதுக்கு முப்பத்தாறு. அதைவிடப் பெரிய விஷயம், அன்றைக்கு வகுப்பில் தான் வாயைத் திறந்ததும், பதிலை மாற்றிப் பார்க்காமலேயே பேசியதும் வீட்டுக்குப் போகிற வழியில்தான் அவளுக்கு உறைத்தது. பாதி வழியில் நின்றுவிட்டாள். "என்ன அண்ணி, எதாவது விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றாள் ஊசி. "இல்லடி" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

இரண்டு பேருக்கும் சேர்த்துப் புத்தகம் ஒரே செட்டுதான். அதனால் ஊசியின் வீட்டில் சேர்ந்து படித்தார்கள். ஊசி மிஷினை ஓட்டிக்கொண்டே கேட்பாள், சமையலக்கா உரக்கப் படிப்பாள். மிஷின் வேகம் எடுத்தால் படிப்பும் வேகம் எடுக்கும். நூல் அறுந்தால் ஓய்வு. சண்டையும் உண்டு. ஆனால் இப்போது ஆட்டைக் கூப்பிடாமல் நேராகவே போட்டுக்கொண்டார்கள். ஆட்டுக்கு வேலை போய்விட்டது என்று படகுக்காரர் கேலி செய்தார்.

இரண்டாவது வருஷம் முடிகிற சமயத்தில் ஒரு உத்தரவு வந்தது. இறுதித் தேர்வு நகரத்துக் கல்லூரியில்தான். ஆறு நாள். தங்குவதற்கு ஹாஸ்டலில் இடம் தரப்படும்.

மிதவை சார் அதைப் படித்தபோது சமையலக்கா முந்தானையை விரலில் சுற்ற ஆரம்பித்தாள். பேசியது ஊசிதான். "அண்ணி அந்த ஹாஸ்டல்ல தங்க மாட்டாங்க. அண்ணி வரலைன்னா நானும் வரல." கைக்குழந்தைக்காரிகள், வயசான அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவர்கள் என்று ஒவ்வொருவராக எழுந்து அதையே சொன்னார்கள்.

ஊர்த்தலைவி மறுபடியும் பேனாவை எடுத்தார். இந்தத் தடவை ஒரே வரி. "பாடம் படகேறி வந்தது, வினாத்தாளுக்கு மட்டும் தண்ணீரில் கண்டமா?" அந்தக் கடிதத்தை மிதவை சார் கையோடு எடுத்துப் போனார். கல்லூரி முதல்வர் அறையில் என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடி உடைந்து, அதையே ஒட்டுப்போட்டு மாட்டிக்கொண்டு அடுத்த வாரம் வந்தார். "மேஜையத் தட்டிப் பேசினேன், கண்ணாடி மேஜை மேல இருந்தத மறந்துட்டேன்" என்றார். ஆனால் அனுமதி வாங்கியிருந்தார். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் முத்திரை வைத்த பெட்டியோடு வருவார், தேர்வு இங்கேயே நடக்கும்.

தேர்வாளர் வந்த அன்று தண்ணீர் வற்றியிருந்தது. அணையில் மதகைத் திறந்துவிட்டிருந்தார்கள். படகு கரைக்கு நூறு அடி தூரத்திலேயே சேற்றில் பொதுக்கென்று உட்கார்ந்துவிட்டது. படகுக்காரர் கழியை ஊன்றித் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. படகில் தேர்வாளர் அம்மா, மடியில் பெட்டியோடு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மிதவை சார், கண்ணை மூடியபடி. பத்து மணிக்குத் தேர்வு. மணி ஒன்பதே கால்.

"சேத்துல இறங்கி நடங்கன்னு சொல்ல முடியாது, இடுப்பளவு ஆழம்" என்று கரையிலிருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். சமையலக்கா தேர்வுக் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். வரிசையாகப் பெஞ்சுகள். "எடுங்கடி பெஞ்ச!" என்று ஒரு சத்தம் போட்டாள்.

பதினைந்து பேரும் பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். ஒன்றன் பின் ஒன்றாகக் கவிழ்த்துப் போட்டு அமுக்கினார்கள். இருந்த பெஞ்சு பாதித் தூரத்துக்குத்தான் வந்தது. அதனால் தேர்வாளர் அம்மா முன்னால் நடக்க நடக்க, ஆள் தாண்டிய பெஞ்சைப் பின்னாலிருந்து பிடுங்கி முன்னால் கொண்டுபோய்ப் போட்டார்கள். அந்தம்மா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக வந்தார். நடுவில் ஒரு பெஞ்சு சாய்ந்தபோது ஊசியின் தலையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. மிதவை சார் அவருக்குப் பின்னால் உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து வந்து சேர்ந்தார்.

பதினொரு மணிக்குத் தேர்வு தொடங்கியது. இடுப்பு வரைக்கும் சேற்றோடு, கழுவிய ஈரப் பெஞ்சில் உட்கார்ந்து பதினைந்து பேரும் எழுதினார்கள். தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் தேர்வாளர் அம்மா, "இருக்கைகள் பயன்பாட்டில் இருந்தன" என்று எழுதினாராம்.

ஆறாம் நாள் செய்முறைத் தேர்வு. சமையலக்கா ஒன்றாம் வகுப்புக்குக் கழித்தல் பாடம் எடுக்க வேண்டும். தன் பேச்சில்தான் எடுப்பேன், பிறகு நகரத்துச் சொல்லைச் சொல்லிக் கொடுப்பேன் என்றாள். தேர்வாளர் அம்மா பேனாவை மூடினார். "எனக்குப் புரியாத மொழியில எடுத்தா நான் எதப் பாத்து மார்க் போடறது?"

சமையலக்கா கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள். பிறகு, "மேடம், பிள்ளைங்களுக்கும் முதல் நாள் இப்படித்தான் இருக்கும். வந்து அவங்களோட உட்காருங்க" என்றாள்.

அந்தம்மா என்ன நினைத்தாரோ, எழுந்து வந்து முன் வரிசையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சமையலக்கா கூடையில் உருளைக்கிழங்கைக் கொட்டினாள், எண்ணினாள், ஒளித்தாள், எடுத்தாள், கையைக் காட்டினாள். கால் மணி நேரத்தில் அந்தம்மா மற்றவர்களோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பதில் நாலு போனால் எத்தனை என்று சமையலக்கா அவரையே கேட்டாள். அவர் ஆர்வமாக அவர்கள் பேச்சில் ஒரு எண்ணைச் சொன்னார். பக்கத்திலிருந்த சிறுமி அவர் தொடையில் ஒரு தட்டு தட்டி, தலையை ஆட்டி, ஐந்து விரலை முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினாள். அவர் சொன்னது 'ஐந்து' இல்லையாம், 'மாமியார்' என்று அர்த்தமாம். வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. தேர்வாளர் அம்மாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. ஊசி எல்லாப் பாடத்திலும் தேறினாள், பதினைந்து பேரில் முதலிடம். சமையலக்கா செய்முறையில் எல்லோரையும்விட அதிகம், ஆனால் உளவியலில் நாலு மதிப்பெண் குறைந்து தவறிவிட்டாள்.

அவளோடு இன்னொருத்தியும் ஒரு பாடத்தில் தவறியிருந்தாள். ஊரில் அன்றைக்கு ஒரே கொண்டாட்டம். சமையலக்காவும் எல்லோரையும் கட்டிப்பிடித்து, சிரித்து, பெரிய பாத்திரத்தில் சமைத்துப் போட்டாள். எல்லாம் முடிந்து அடுப்பைத் துடைக்கும்போதுதான் மூக்கை உறிஞ்சினாள். படகுக்காரர் பார்த்தும் பார்க்காததுபோல் விறகை அடுக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் ஊசி வந்தாள். கையில் உளவியல் புத்தகம். "நகருங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். "முதல் அத்தியாயம். நான் படிக்கிறேன், நீங்க வெங்காயம் நறுக்குங்க."

"நீதான் முதல் மார்க்காச்சே, உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"முதல் மார்க் வாங்கினத தினமும் உங்க முகத்துக்கு நேரா சொல்லிக் காட்டணும்னா நான் இங்க வந்துதானே ஆகணும்?"

மூன்று மாதம் தினமும் சொல்லிக் காட்டினாள். மறுதேர்வில் சமையலக்கா தேறினாள். நாலு மதிப்பெண் குறைந்த பாடத்தில் இருபத்தாறு கூடுதலாக வாங்கினாள். ஊசிக்கு அணையின் மேல்கோடியில் இருந்த இன்னொரு குடியிருப்பில் வேலை கிடைத்தது. அண்ணன் படகிலேயே போய்வந்தாள். மீன் கொட்டகையில் இரண்டாவது அணிக்கு, சுற்றியிருந்த குடியிருப்புகளிலிருந்தும் சேர்த்து, இருபத்தேழு பேர் பேர் கொடுத்தார்கள். அதில் நாலு பேர் வெளியூரிலிருந்து ஐஸ் உடைக்க வருகிறவர்கள், மூலையில் நின்றபடியே பாதிப் பாடம் கேட்டு முடித்திருந்தவர்கள்.

சமையலக்கா ஒன்றாம் வகுப்பு ஆசிரியை ஆனாள். பேர் மட்டும் மாறவில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதே தலைமையாசிரியர், "சமையலக்கா, கொஞ்சம் வாங்க" என்றுதான் கூப்பிடுவார்.

முதல் பருவம் முடிந்து பெற்றோர் கூட்டம் நடந்தது. அந்தக் கூட்டம் எப்போதும் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். வாத்தியார் நகரத்துப் பேச்சில் சொல்வார், பெற்றோர்கள் தலையாட்டுவார்கள், காட்டிய இடத்தில் கைநாட்டோ கையெழுத்தோ வைத்துவிட்டு எழுந்து போவார்கள். அன்றைக்கு முதலில் வந்தவர் மூங்கில் வெட்டும் தொழிலாளி ஒருவர். அவருடைய மூத்த மூன்று பிள்ளைகளும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஆறேழு கூட்டத்துக்கு வந்திருக்கிறார், ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை. பழக்க தோஷத்தில் கைநாட்டுக்கு விரலை நீட்டினார்.

"கைநாட்டு இருக்கட்டும் அண்ணா" என்றாள் சமையலக்கா அவர்கள் பேச்சில். "உங்க பொண்ணு வீட்டுல எப்படி இருக்கா? சொல்லுங்க."

அவர் திருதிருவென்று விழித்தார். பின்னால் யாரையாவது கேட்கிறாளா என்று திரும்பிப் பார்த்தார். அப்புறம் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பொண்ணு காலையில் எழுந்ததும் என்ன கேட்கிறாள், எதைக் கண்டால் பயப்படுகிறாள், எறும்பை ஏன் எண்ணுகிறாள் என்று ஆரம்பித்தார். மூத்தவன் ஏன் நாலாவதோடு நின்றான் என்று சொன்னார். இரண்டாவது பிள்ளைக்கு வாத்தியார் ஒருவர் மந்தம் என்று எழுதிக் கொடுத்ததையும், அவன் மந்தம் இல்லை என்று அன்றைக்கே சொல்ல வேண்டும் போலிருந்ததையும் சொன்னார். வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள், இருமினார்கள். அவர் கண்டுகொள்ளவே இல்லை. சமையலக்காவும் அவசரப்படுத்தவில்லை. நோட்டைத் திறந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு அவள் வீடு போய்ச் சேரும்போது படகுக்காரர் இரண்டாம் நடையும் முடித்துவிட்டுச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.